பிறேக்கில் பூசிய சுறா எண்ணெய்

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு ஸ்பனர் பிடித்த அளவுக்குப் பேனை பிடிக்கவில்லை. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். வாசிக்கிறவர்கள் தாங்களே திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும்.

இதை வாயாலும் சொல்லியிருக்கலாம். கராச்சுக்கு வருகிற சாரதிமார் பலர் கேட்டிருக்கிறார்கள், என் வேலைமேசையில் எப்போதும் ஏன் ஓர் ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் இருக்கிறது என்று. நான் சிரித்துவிட்டுக் காருக்கு அடியில் போய்விடுவேன். நாலு பேரின் முகத்தைப் பார்த்து ஒரு கதையைத் தொடங்கினால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதும்போது யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

நான் வேலை செய்கிற கராச் திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் இருக்கிறது. வீடு பாலையூற்றில். காலையில் சைக்கிளில் வந்து பின்னேரம் திரும்புவேன். வருகிறவர்களோடு கதைப்பது முதலாளியின் வேலை. அவர் கதிரையில் இருந்தபடி கதைத்துக்கொண்டிருப்பார், நான் கீழே படுத்திருப்பேன். இருவருக்கும் அது ஒத்துப்போயிருந்தது.

கடற்காற்றில் ஒரு ஸ்பனரை இரண்டு நாள் வெளியே விட்டால் கறள் ஏறிவிடும். வாகனங்களுக்கும் அதே கதிதான். முந்தி எங்களிடம் வந்தவை பழைய இங்கிலீஸ் கார்கள். நாலு சில்லுக்கும் டிரம் பிறேக். எழுபத்தேழுக்குப் பிறகு யப்பான் கார்கள் வரத் தொடங்கின. அவற்றின் முன்சில்லுகளில் டிஸ்க் பிறேக் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

சில்லோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றும். அதன் இரண்டு பக்கமும், அதை அமத்திப் பிடிக்கிற இரண்டு பாட். அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற கூட்டுக்குக் கலிப்பர் என்று பெயர். பிறேக்கை மிதித்தால் கலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டன் உள்பக்கத்துப் பாட்டைத் தட்டில் தள்ளும். தள்ளுகிற அதே நேரம் கலிப்பர் முழுவதும் எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளிப்பக்கத்துப் பாட்டையும் இழுத்து அமத்தும். அப்படி நகர்வதற்காக அது இரண்டு பின்களில் நிற்கிறது. விரலளவு பின்கள்தான். தண்ணீரும் தூசியும் போகாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு றப்பர் உறை. பின் வழுக்கி ஓடினால் பிறேக் ஒழுங்காக இருக்கும். பின் இறுகினால், காலை எடுத்த பிறகும் பாட் தட்டை விடாது. ஒரு பாட் மட்டும் தேயும், கார் ஒரு பக்கம் இழுக்கும், சில்லு தொட முடியாமல் சுடும்.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு வாடகைக் காருக்கு இது எல்லாம் ஒன்றாக இருந்தது.

அதை ஓட்டியவர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு முஸ்லிம் தம்பி. கிண்ணியாவிலிருந்து பட்டினத்துக்கு வர இடையில் தண்ணீரைக் கடக்க வேண்டும். வாகனங்களை ஏற்றிக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். பாதையில் ஏறும்போதும் இறங்கும்போதும் கரைச் சரிவில் முன்சில்லுகள் உப்புத் தண்ணீருக்குள் போய் எழும். வாடகைக்கு ஓடுகிற கார் ஒரு நாளில் பல தடவை அப்படிக் குளிக்கும்.

அந்தக் காரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணால் பார்க்க முதலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பிறேக் சூடானால் உள்ளே ஒரு மீன் நாற்றம் கிளம்பும். பஸ் நிலையத்தில் நிற்கிற மற்றச் சாரதிமார் அதற்குக் கருவாட்டுக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கலியாண வீட்டுக்கு அதைப் பிடித்துப் போனார்களாம். சீனக்குடாவைத் தாண்ட முதலே மணமகளுக்கு வாந்தி வந்து, தாய்க்காரி எல்லோரையும் இறக்கி வேறு கார் பிடித்துக்கொண்டு போனாராம். இதைச் சொன்னபோது தம்பி சிரித்தார். ஆனால் சிரிப்பு முடியும் முன்னமே முகம் மாறிவிட்டது.

"இந்தப் பிறேக் சரிவராட்டி வித்துப்போட்டுச் சவூதிக்குப் போறதுதான், அண்ணன்," என்றார். "அங்க சாரதி வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. பாஸ்போட்டையும் ஏஜன்டிட்டக் குடுத்திட்டன். போக எனக்கு விருப்பமில்ல. பொண்டாட்டி இப்பவே முகம் குடுத்துக் கதைக்கிற இல்ல."

அடுத்த மாதம் ஏஜன்ட் கிண்ணியாவுக்கு வருவான், அப்போது போவதா இல்லையா என்று கடைசிப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னார். காரைத் தூக்க நான் ஜக்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பின்கள் இறுகிப்போயிருந்தன. சுத்தியலால் தட்டித்தான் கழற்ற முடிந்தது. றப்பர் உறைகள் பெருத்து, பிசுபிசுத்து, பூட்டியிருந்த பள்ளத்தை விட்டு வெளியே வந்திருந்தன. பின்பக்கப் பெட்டியில் மீன் ஏற்றுகிறார், அந்தத் தண்ணீர் வடிகிறது என்று நினைத்துக்கொண்டேன். துப்புரவாக்கி, முதலாளி கொழும்பிலிருந்து எடுப்பித்து வைத்திருந்த உறைகளைப் போட்டுப் பூட்டினேன். கார் நேராக ஓடியது. தம்பி போகும்போது ஹோன் அடித்துவிட்டுப் போனார்.

மாதம் முடிய முதல் திரும்பி வந்தது.

"கருவாட்டுக் கார் வருது, மூக்கைப் பொத்துங்கோ," என்று முதலாளி கதிரையில் இருந்தே அறிவித்தார். தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

சில்லைக் கழற்றிவிட்டு அவசரப்படாமல் பார்த்தேன். கலிப்பரிலும் சில்லுக்குப் பின்பக்கமும் மஞ்சளாக ஒரு படை பிடித்திருந்தது. வாணிஷ் போல் காய்ந்து, விரல் நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. மீன் தண்ணீர் அப்படிக் காயாது. மணந்து பார்த்தேன். கடற்கரையில் தோணிகளைக் கவிழ்த்து வைத்துப் பூசுகிற சுறா எண்ணெய். ஈரலை உருக்கி எடுக்கிறது. மரத்தை உப்பு தின்னாமல் அது காக்கும். புதிதாகப் போட்ட உறைகளும் அதைக் குடித்துப் பெருக்கத் தொடங்கியிருந்தன.

இதை யார் பூசுகிறது என்று கேட்டேன். தம்பி நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார், மாமா என்று.

அவருடைய மாமனார் கிண்ணியாவில் தோணியும் வலையும் வைத்திருந்தவர். அவர்களுடைய வழக்கப்படி மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பார். வீடு மாமனார் கட்டிக் கொடுத்தது. கார் வாங்கவும் அவர் ஒரு தோணியை விற்றவர். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா தொழுகை முடிந்து வந்து, பாயை விரித்து, காருக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரை தன் கையாலேயே எண்ணெய் பூசிவிடுவாராம்.

நான் விசயத்தைச் சொன்னேன். றப்பருக்கு அந்த எண்ணெய் ஆகாது, அது குடித்துப் பெருக்கும், பிறகு எண்ணெய் பிசினாகிப் பின்னைப் பிடிக்கும் என்று. தம்பி சில்லில் கையை வைத்தார்.

"மாமாட்ட நான் எப்பிடி அண்ணன் இதச் சொல்ற? அவர்ர வீட்டில இருந்து, அவர்ர சோத்தத் திண்டுக்கிட்டு, ஒங்கட எண்ணெய் கூடாதெண்டு சொல்லவா? அதுக்கு நான் சவூதிக்கே போகலாம். நீங்க வந்து சொல்லுங்க."

முன்பின் தெரியாத ஒரு மனிதரின் வீட்டுக்குப் போய், அவர் அன்பாகச் செய்கிற ஒன்று பிழை என்று சொல்வதா? என்னால் ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுவும் வரவில்லை. தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பேச்சுக்குத் துணையாக ஏதாவது கையில் இருந்தால் நல்லது என்று தோன்றியது. எங்களிடம் கிடந்த பாவிக்காத உறை ஒன்றை இரண்டாக வெட்டினேன். தம்பி வீட்டிலிருந்து எடுத்து வந்த சுறா எண்ணெயை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி ஒரு பாதியைப் போட்டேன். மற்றப் பாதியை இன்னொரு போத்தலில் ஆமணக்கெண்ணெய்க்குள் போட்டேன். சாமான் தட்டுப்பாடான காலத்தில் பிறேக்கின் றப்பர் துண்டுகளுக்கு நாங்கள் ஆமணக்கெண்ணெயைத்தான் தொட்டோம். றப்பருக்கு அது கெடுதல் செய்யாது. வழக்கமான கிறீஸ் செய்யும். அன்றைக்கு அது வேறு வழியில்லாமல் பிடித்த வழி. கடைசியில் நல்ல வழியாகவும் இருந்தது. போத்தல்களை யன்னலில் வைத்தேன். சில நாளில் ஒரு பாதி மற்றதை விட ஒன்றரை மடங்கு பெருத்துக் கிடந்தது.

அடுத்த வெள்ளி பின்னேரம், புது உறைகளையும் ஸ்பனர்களையும் இரண்டு போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு தம்பியின் காரிலேயே பாதை ஏறினேன். தண்ணீரைக் கடக்கும்போது சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் தம்பிக்குப் பள்ளிவாசலில் ஏதோ அலுவல் ஞாபகம் வந்துவிட்டது. என்னை முற்றத்தில் விட்டுவிட்டு நடந்துவிட்டார்.

மாமனார் பாயோடு வந்தார். அறுபது வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிய மெலிந்த, இறுகிய உடம்பு. தென்னந்தும்பைக் கட்டிய ஒரு தூரிகையும் சிரட்டை நிறைய எண்ணெயும் கையில். பட்டினத்து மெக்கானிக்கா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பன்பாயைக் காருக்கு அடியில் தள்ளி, தானும் நுழைந்துவிட்டார். நான் அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, நிண்டு பாக்கிறதெண்டா உள்ளுக்கு வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாய் அகலம்தான்."

நானும் நுழைந்து பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். தலைக்கு மேல் சைலன்சர் குழாய், காரின் இரும்புச் சட்டம், நான் தினமும் பார்க்கிறவை. இருவரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை, என்னுடையது அவருக்கும் தெரியவில்லை. அங்கே எனக்குத் தொண்டை திறந்தது.

இந்த எண்ணெய் தோணிக்குத்தானே என்று கேட்டேன்.

"தோணிக்கும் காருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் உப்புத் தண்ணிக்குள்ள போற. தோணிக்கு எப்பயாவது ஒருக்காப் பூசினாக் காணும். இது பூசப்பூசப் பழுதாப் போகுது. அதால இப்ப கூடப் பூசுறன். ரெண்டு வெள்ளிக்கு நடுவிலயும் ஒருக்காப் பூசுற."

ஏன் அவ்வளவு என்று கேட்டேன். தூரிகை நின்றது.

"மருமகன் சவூதிக்குப் போகப்போறார். எனக்கிட்டச் சொல்லல்ல. மகள் குசினிக்குள்ள அழுறது எனக்குக் கேக்காதா? இந்தக் கார் நல்லா ஓடினா அவர் ஏன் போறார்? அதுதான் பூசுறன்."

நான் பாடமாக்கி வந்த வசனம் அந்த இடத்தில் உதவவில்லை. பையை இழுத்து, முதல் போத்தலிலிருந்து றப்பர் துண்டை எடுத்து அவருடைய கையில் வைத்தேன். மற்றப் போத்தலில் இருந்ததை மற்றக் கையில் வைத்தேன். இரண்டும் ஒரே உறையின் பாதிகள் என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டையும் நசித்துப் பார்த்தார், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பெருத்த துண்டு விரலுக்குள் நசுங்கிப் பிய்ந்தது.

"இது என்ர எண்ணெயில கிடந்ததா?"

"ஓம், காக்கா." முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் துண்டுகளை நெஞ்சின்மேல் வைத்தார்.

"அப்ப நான்தான் அவர அனுப்பப் பாத்திருக்கன்," என்றார்.

அப்படியில்லை என்று நான் சொன்னேன். பிறகு நிறையச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே ஒரு மனிதரோடு நான் அவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சட்டத்தைக் காட்டினேன். எங்கள் கராச்சுக்கு வருகிற கார்களில் அந்த இடம் உக்கி, ஸ்குறூடிறைவரால் குத்தினால் ஓட்டை விழும். இதில் ஒரு பொட்டுக் கறள் இல்லை. ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, அது உண்மை. சட்டத்துக்குப் பூசுங்கள், தரைத் தகட்டுக்குப் பூசுங்கள், சில்லுகளுக்குக் கிட்ட மட்டும் வேண்டாம் என்றேன். பூசும் நாளில் நாலு சில்லுக்கும் உள்பக்கம் சாக்கைக் கட்டிவிட்டுப் பூசலாம் என்றும் சொன்னேன்.

அவர் வெளியே ஊர்ந்து போய்ச் சாக்குத் தேடத் தொடங்கினார்.

சுறா எண்ணெய்க் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, வேலையை அந்த முற்றத்திலேயே செய்தேன். ஆமணக்கெண்ணெய் சுத்தமானதாக வேண்டும் என்றேன், போத்தலில் இருந்தது றப்பர் ஊறியது. அவர் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை போத்தலை நீட்டியது. பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்க வைத்திருந்தது.

"பேதி மருந்தக் காருக்குக் குடுக்கிறீங்க," என்றார் மாமனார். "பாதையில ஏறக்குள்ள பாத்து நடந்துக்குமா?"

சீலைக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது.

பின்களில் ஒட்டியிருந்த பிசினைச் சுரண்டி, மெல்லிய எமரித்தாளால் தேய்த்து மினுக்கினேன். பின் போகிற துளைகளைக் கம்பியில் துணி சுற்றி, பிறேக் எண்ணெயில் நனைத்துத் துடைத்தேன். பெற்றோல் தொடவில்லை, அதுவும் றப்பரைக் கெடுக்கும். புது உறைகளைப் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்தேன். மாமனார் சிரட்டை நிறைய ஆமணக்கெண்ணெயை ஊற்றி நீட்டினார். நான் ஒரு விரல் நுனியால் தொட்டு, பின்னைச் சுற்றி மெல்லிதாக மட்டும் தடவினேன்.

"இவ்வளவா? தோணியெண்டா ஒங்களப் பாத்துச் சிரிக்கும்."

அந்தத் துளைக்கு மறுபக்கம் திறப்பில்லை என்று விளங்கப்படுத்தினேன். எண்ணெயை நிறைத்தால் பின் உள்ளே போக இடமில்லாமல் திருப்பித் தள்ளும், அதுவும் இறுகினது போலத்தான். பாட்டின் இரண்டு நுனியும் இரும்பில் ஓடுகிற இடத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, பென்சில் கரியை இடித்து ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தடவினேன். பாட்டின் முகத்திலும் தட்டிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. பட்டால் பிறேக்கே பிடிக்காது. கலிப்பரைப் பூட்டிவிட்டு அவருடைய கையைப் பிடித்து அதில் வைத்தேன். இரண்டு விரலால் தள்ளினார். போனது. இழுத்தார். வந்தது. பல தடவை அப்படிச் செய்துகொண்டிருந்தார்.

மற்றச் சில்லும் முடிகிற நேரம் தம்பி வேலி ஓரமாக மெதுவாக வந்தார். மாமனாரின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"வாங்க மருமகன்," என்றார் மாமனார். "ஒங்கட காரக் கெடுத்தது நான். இவர் திருத்தியிரிக்கார். எடுங்க, பாதைத்துறை வரைக்கும் ஓடிப் பாப்பம்."

மூவரும் போனோம். துறைச் சரிவில் மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். கார் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. மாமனார் இறங்கியதும் குனிந்து முன்சில்லின் இரும்பில் உள்ளங்கையை வைத்தார். முந்தியென்றால் தோல் உரிந்திருக்கும். வைத்த கையை எடுக்காமலே, "சவூதியில இதவிடச் சூடாம்," என்று சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அவர்கள் இருவரும் அதைப் பற்றி எனக்கு முன்னால் கதைக்கவில்லை.

ஏஜன்ட் வருகிற மாதம் போனது. தம்பி பிறேக் காட்ட வந்தார். பாட்களைக் கழற்றிப் பார்த்தேன். உள்பாட்டும் வெளிப்பாட்டும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. சில்லைப் பூட்டும்போது அவரே சொன்னார்.

"பாஸ்போட்டத் திருப்பி வாங்கிட்டன், அண்ணன்."

நல்லது என்றேன். அதுவும் காருக்கு அடியிலிருந்துதான்.

நாற்றம் உடனே போகவில்லை. கருவாட்டுக் கார் என்ற பெயர் இன்னும் போகவில்லை. முதலாளி இப்போதும் மூக்கைப் பொத்துவது போல் நடிப்பார். ஆமணக்கெண்ணெய் நாள்போகத் தடிக்கும் என்பதால் மழை தொடங்க முதல் ஒருக்காவும் முடிய ஒருக்காவும் பின்களைக் கழற்றித் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். அதற்குத் தம்பி தவறாமல் வருவார். வரும்போது ஒரு போத்தல் கொண்டு வருவார். மாமனார் வேலியோரம் ஆமணக்கு நட்டிருக்கிறார். தானே காய்ச்சி எடுத்து, துணியில் வடித்து, தக்கை இறுக்கி அனுப்புகிறார். மற்றக் கார்களுக்கும் நான் அதைத்தான் பாவிக்கிறேன். மேசையில் இருக்கிற போத்தல் அதுதான்.

மழை விட்டதால் நேற்றுத் தம்பி வந்திருந்தார். பின்கள் நாலும் விரலால் தள்ள ஓடின. போத்தல் போன தடவையை விடப் பெரிது.

பாலையூற்று,
1982 மாசி 14, ஞாயிற்றுக்கிழமை.